வைக்கோல் எரிபொருள்: லாபம் எங்கே சிக்கிக்கொண்டது?

2014 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எம்மெட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் ஓர் ஆலைத் திறப்பு விழா நடந்தது. விருந்தினராக வந்தவர் நெதர்லாந்து மன்னர் வில்லெம்-அலெக்சாண்டர். மக்காச்சோளக் கதிரை அறுத்த பிறகு வயலில் கிடக்கும் தட்டை, சோகை, மணி உதிர்த்த கதிர்க்கட்டை ஆகியவற்றை எத்தனாலாக மாற்றும் ஆலை அது. அமெரிக்காவின் போயட் நிறுவனமும் நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனமும் கூட்டாகக் கட்டியது. நாளொன்றுக்கு 770 டன் தட்டையை உண்டு, ஆண்டுக்கு 2 கோடி கேலன் எத்தனால் தரும் என்றார்கள். நம் கணக்கில் ஏழரைக் கோடி லிட்டர்.

அடுத்த மாதமே கான்சஸ் மாநிலத்தின் ஹியூகோட்டனில் ஸ்பெயின் நாட்டு அபெங்கோவா நிறுவனம் இதைவிடப் பெரிய ஆலையைத் திறந்தது. 2015 அக்டோபரில் டூபாண்ட், அயோவாவிலேயே நெவாடா என்ற ஊரில் ஆண்டுக்கு 3 கோடி கேலன் திறனுள்ள ஆலையோடு வந்தது. இத்தாலியின் கிரெஸ்சென்டினோவில் 2013லேயே ஒன்று ஓடத் தொடங்கியிருந்தது.

இன்று இந்த நான்கில் ஒன்றுகூடத் திறந்தவர்கள் கையில், திறந்த நோக்கத்துக்காக ஓடவில்லை. ஹியூகோட்டன் 2015 டிசம்பரிலேயே நின்றது. கிரெஸ்சென்டினோவும் டூபாண்டும் 2017இல் மூடின. போயட்-டிஎஸ்எம் 2019 நவம்பரில் வணிக உற்பத்தியை நிறுத்தி, இனி ஆராய்ச்சி மட்டும் என்று அறிவித்தது. பிறகு ருமேனியாவின் பொடாரியில் சுவிட்சர்லாந்தின் கிளாரியன்ட் நிறுவனம் கோதுமை வைக்கோலை நம்பி ஒரு கை பார்த்தது. அதையும் 2023 டிசம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள்.

ஒவ்வொரு மூடலுக்கும் தனிக் காரணம் சொல்லலாம். ஒரு தாய் நிறுவனம் கடனில் மூழ்கியது. இன்னொன்று வேறு நிறுவனத்தோடு இணைந்தபோது இந்தத் தொழில் வேண்டாமென்று கழற்றிவிட்டது. 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஆலைகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது மூடப்படவில்லை. ஓடவே திணறிக்கொண்டிருந்தபோது மூடப்பட்டன. திணறிய இடம் எது என்பதுதான் சுவையான விஷயம். பெரும்பாலானோர் எதிர்பார்த்த இடம் அது இல்லை.

எதிர்பார்த்த இடம் வேதியியல். அதற்கு நியாயமும் இருந்தது. கரும்புச்சாறு தன்னிலேயே சர்க்கரை; ஈஸ்ட்டைப் போட்டால் நொதிக்கும். மக்காச்சோள மாவின் ஸ்டார்ச்சை இரண்டு நொதிகள் சுலபமாகச் சர்க்கரையாக உடைத்துவிடும். வைக்கோலிலும் தட்டையிலும் இருக்கும் செல்லுலோஸும் சர்க்கரை மூலக்கூறுகளின் சங்கிலிதான். ஆனால் அந்தச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைப் பின்னலில் பொதியப்பட்டு, லிக்னின் என்ற பிசினால் பூசப்பட்டிருக்கின்றன. செடி நிமிர்ந்து நிற்கவும், பூச்சியும் பூஞ்சையும் அதைத் தின்றுவிடாமல் இருக்கவும் பல கோடி ஆண்டுகளாகப் பரிணாமம் கட்டிய கோட்டை அது. அதை ஆலைக்குள் சில மணி நேரத்தில் உடைக்க வேண்டும்.

பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராகொன்னோ 1819இலேயே பழைய துணியைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். அமிலத்தைவிடப் பக்குவமான வழியைக் காட்டியது இரண்டாம் உலகப் போர். சாலமன் தீவுகள் பக்கம் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் உடைகளும் தாங்கமுடியாத வேகத்தில் மட்கிப்போயின. குற்றவாளி யார் என்று தேடிய ராணுவ ஆய்வகம் ஒரு பூஞ்சையைப் பிடித்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரால் அது இன்று டிரைக்கோடெர்மா ரீசெய் எனப்படுகிறது. கூடாரத்தை அழித்த அதே பூஞ்சையின் வழித்தோன்றல்கள்தான் இப்போது உலகெங்கும் தொட்டி தொட்டியாகச் செல்லுலேஸ் நொதியைச் சுரந்துகொண்டிருக்கின்றன. 2000க்குப் பிறகு அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியோடு நோவோசைம்ஸும் ஜெனன்கோரும் அந்த நொதியின் விலையைப் பல மடங்கு குறைத்தன.

இன்னொரு முட்டுக்கட்டை ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ். ஐந்து கார்பன் கொண்ட இந்தச் சர்க்கரையைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. வைக்கோலின் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு இதுதான், விட்டுவிட்டால் கட்டுபடியாகாது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்கிரம், ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வேறொரு நுண்ணுயிரின் மரபணுக்களைச் செருகி இரண்டு வகைச் சர்க்கரையையும் எத்தனாலாக்க வைத்தார். 1991இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு அமெரிக்கா கொடுத்த காப்புரிமையின் எண் 50,00,000. பின்னர் ஈஸ்ட்டுக்கும் அந்த வித்தை கற்பிக்கப்பட்டது.

ஆக, 2014இல் அந்த ஆலைகள் திறந்தபோது வேதியியல் பெரும்பாலும் வசப்பட்டிருந்தது. ஆய்வகத்தில் வைக்கோல் எத்தனால் ஆனது, முன்னோட்ட ஆலையிலும் ஆனது. அதை நம்பித்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 2007இல் சட்டம் போட்டது: 2010இல் 10 கோடி கேலன், 2022இல் 1,600 கோடி கேலன் செல்லுலோஸ் எரிபொருள் சந்தைக்கு வரவேண்டும். சட்டத்துக்கு வைக்கோல் கட்டுப்படவில்லை. 2012இல் இலக்கை 86 லட்சம் கேலனாகக் குறைத்தும் கணக்கில் வந்தது ஏறக்குறைய 20,000 கேலன். இல்லாத எரிபொருளை வாங்கச் சொல்லி எண்ணெய் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தாதே என்று மறு ஆண்டு நீதிமன்றம் அந்த இலக்கையே தள்ளுபடி செய்தது.

சரி, எங்கே சிக்கியது? ஆலையின் வாசலில்.

வயலிலிருந்து வரும் கட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அரை டன் எடை, ஆள் உயரம். பேலர் இயந்திரம் தட்டையைத் தரையிலிருந்து வாரி எடுத்து அழுத்திக் கட்டியது. தரையோடு வாரியதால் மண் வந்தது. மண்ணோடு கல் வந்தது. கட்டின் மேல் பிளாஸ்டிக் கயிறு. வெளிப்புறம் மழையில் ஊறியிருக்கிறது, நடுவில் காய்ந்து முறுகியிருக்கிறது. அடுத்து வரும் கட்டு வேறு வயல், வேறு மண், வேறு ஈரம். இதை முதலில் கயிறு நீக்கி, வெட்டி, நறுக்கி அனுப்ப வேண்டும். தப்பிய கயிறு சுழலும் தண்டுகளில் சுற்றிக்கொள்கிறது. மண்ணில் உள்ள சிலிக்கா கத்திகளைத் தேய்க்கிறது. நெல் வைக்கோல் என்றால் மண்ணே தேவையில்லை; அதன் எடையில் 15 சதவீதம் அளவுக்குச் சாம்பல்சத்து, அதில் முக்கால் பங்கு சிலிக்கா. மரத்தூளில் சாம்பல் ஒரு சதவீதத்தை எட்டுவதே அபூர்வம்.

நறுக்கிய தட்டை அடுத்துப் போகும் இடம் பிளக் ஸ்குரூ ஃபீடர். இந்தத் தொழிலின் தலைவிதி பெரும்பாலும் இந்த ஒரு கருவியில்தான் எழுதப்பட்டது என்பது என் எண்ணம். இதற்கு அப்பால் இருப்பது நீராவிக் கலன்: 190 டிகிரி வெப்பம், வளிமண்டலத்தைப் போல் 12 மடங்கு அழுத்தம். தட்டை உள்ளே சில நிமிடங்கள் வெந்து, சட்டென்று அழுத்தம் விடுபடும்போது நார் நாராகச் சிதறும். கோட்டை உடையும், நொதிக்கு வழி திறக்கும். ஆனால் நிற்காமல் தட்டை உள்ளே போகவேண்டும், ஒரு துளி நீராவியும் வெளியே வரக்கூடாது. வால்வு போட்டுத் தடுக்க இது தண்ணீர் இல்லை. எனவே கூம்பு வடிவத் திருகு ஒன்று தட்டையை முன்னே தள்ளித் தள்ளி இறுக்குகிறது. இறுகிய தட்டையே தக்கையாகி நீராவியை அடைத்து நிற்கிறது. தக்கை முன்னே நகர நகர, பின்னால் புதிய தக்கை உருவாகிக்கொண்டே இருக்கவேண்டும்.

காய்ந்த கட்டு வந்தால் தக்கை பொருக்கு விட்டுத் தளர்கிறது, நீராவி பின்பக்கமாகச் சீறுகிறது. ஊறிய கட்டு வந்தால் வழுக்குகிறது. மணல் வந்தால் திருகின் விளிம்பு தேய்ந்து பிடிமானம் போகிறது. கல் வந்தால் நின்றே போகிறது. நின்றால் அழுத்தத்தை இறக்கி, ஆறவைத்து, திறந்து, சுரண்டி, பழுது பார்த்து, மறுபடி சூடேற்ற வேண்டும். அதற்குள் கீழே நொதித்தொட்டிகள் பட்டினி கிடக்கின்றன. பட்டினி கிடக்கும் தொட்டியில் ஈஸ்ட்டுக்கு முந்திக்கொண்டு லாக்டிக் அமில பாக்டீரியா குடியேறிவிடும். ஒரு கல்லால் போனது ஒரு நாள் உற்பத்தி மட்டும் இல்லை என்பது இதனால்தான்.

இது முன்கூட்டித் தெரியாத ரகசியமும் இல்லை. ரேண்ட் நிறுவனத்தின் எட்வர்ட் மெரோ 1980களிலேயே வட அமெரிக்காவின் புதிய ஆலைகளை ஆராய்ந்து, திரவத்தையும் வாயுவையும் கையாளும் ஆலைகளோடு ஒப்பிட்டால் திடப்பொருளைக் கையாளும் ஆலைகள் தொடக்க ஆண்டுகளில் திட்டமிட்ட உற்பத்தியை எட்ட முடியாமல் மோசமாகத் தடுமாறுவதைக் காட்டியிருந்தார். எண்ணெய் சுத்திகரிப்புத் தொழிலிலிருந்து வந்த பொறியாளர்கள் குழாயில் ஓடும் பொருளுக்குப் பழகியவர்கள். வைக்கோல் ஓடாது, பாலம் கட்டி நிற்கும். அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2011இல் வெளியிட்ட புகழ்பெற்ற மாதிரித் திட்டத்தில் ஆலை ஆண்டுக்கு 8,410 மணி நேரம் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆண்டுக்கே மொத்தம் 8,760 மணி நேரம்தான். அதாவது 96 சதவீத நேரம் கல்லும் கயிறும் ஒரு தொந்தரவும் தராது என்பது அனுமானம். அந்தக் கணக்கில் ஒரு கேலன் எத்தனாலின் அடக்கவிலை 2.15 டாலர் என்று அழகாக வந்தது.

நம் நாட்டு எண்களை வைத்தே இந்த அனுமானத்தின் விலை என்னவென்று பார்க்கலாம். ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் கட்டிய நெல் வைக்கோல் எத்தனால் ஆலையைப் பிரதமர் 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். அப்போது சொல்லப்பட்ட எண்கள்: செலவு 900 கோடி ரூபாய்க்கு மேல், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால். அதாவது ஆண்டுக்கு ஒரு லிட்டர் வீதம் எடுப்பதற்கான திறனுக்கு 300 ரூபாய் முதலீடு. இதே அளவுள்ள கற்பனை ஆலை ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலீட்டுக்கு 10 சதவீத வட்டி மட்டும் போடுவோம். முழுத் திறனில் ஓடினால் லிட்டருக்கு வட்டி 30 ரூபாய். பாதித் திறனில் ஓடினால் 60. மூன்றில் ஒரு பங்கில் ஓடினால் 90. மொலாசஸிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கும் எத்தனாலுக்கு 2024-25இல் எண்ணெய் நிறுவனங்கள் கொடுத்த விலை லிட்டருக்கு சுமார் 58 முதல் 72 ரூபாய். மூன்றில் ஒரு பங்கில் ஓடும் ஆலைக்கு வைக்கோல் இலவசமாக வந்தாலும் வட்டியே அடைபடாது.

இதோடு ஆய்வகங்கள் விரட்டும் இன்னொரு இலக்கை ஒப்பிடுங்கள்: ஒரு டன்னிலிருந்து கூடுதல் எத்தனால். பானிபட் எண்களின்படி டன்னுக்கு 150 லிட்டர். வேதியியல் அனுமதிக்கும் உச்சவரம்பு, சுத்தமான உலர்ந்த வைக்கோலுக்கு, 400 லிட்டரை ஒட்டி இருக்கும். புதிய நொதி, புதிய ஈஸ்ட் வந்து 150ஐ 200 ஆக்கிவிட்டது என்று வையுங்கள். வைக்கோல் டன் 3,000 ரூபாய் என்றால் லிட்டருக்கு மூலப்பொருள் செலவு 20 ரூபாயிலிருந்து 15க்கு இறங்கும். கூடுதல் எத்தனாலை வடிக்க மீதிக் கருவிகளுக்கும் திறன் இருந்தால் வட்டியும் 30லிருந்து 22.50க்கு இறங்கும். சேமிப்பு பன்னிரண்டரை ரூபாய். நல்லதுதான். ஆனால் பாதித் திறனில் தவிக்கும் ஆலையை முழுத் திறனுக்குக் கொண்டுவந்தால் மிச்சம் 30 ரூபாய். மாநாட்டு மேடைகளில் நொதிக்குக் கிடைக்கும் கைதட்டல் கல் பொறுக்கும் சல்லடைக்குக் கிடைப்பதில்லை. அதற்காகக் கணக்கு மாறிவிடாது.

சல்லடையும் ஓர் அறிவியல்தான். அமெரிக்க எரிசக்தித் துறை இதை உணர்ந்து, வயலுக்கும் கலனுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் ஆராயத் தேசிய ஆய்வகங்களின் கூட்டமைப்பு ஒன்றையே உருவாக்கியது. அங்கிருந்தும் ஆலைகளின் பட்டறிவிலிருந்தும் வந்த பாடங்கள் ஆச்சரியமாக எளிமையானவை. தரையோடு வாராமல், அறுவடை இயந்திரத்தின் வாலிலேயே பேலரைப் பூட்டித் தட்டை மண்ணில் விழும் முன்பே கட்டிவிட்டால் சாம்பல் பாதியாகக் குறையும். நறுக்கிய பின் வரும் பொடியைச் சலித்து எறிந்துவிடலாம். மண் பெரும்பாலும் அந்தப் பொடியில்தான் இருக்கிறது, அதோடு போகும் சர்க்கரையின் நஷ்டம் சொற்பம். தண்டு, இலை, கதிர்க்கட்டை மூன்றும் நீராவிக்கு வேறுவேறு விதமாக வேகின்றன என்பதால் காற்றால் பிரித்துத் தனித்தனியே அனுப்பலாம். கட்டுகளின் ஈரத்தை வாசலிலேயே அளந்து, காய்ந்ததையும் ஊறியதையும் கலந்து சீராக்கலாம். திருகைச் சுழற்றும் மோட்டார் எவ்வளவு முக்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தால் தக்கை தளரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பெரிய திருகுக்குப் பதில் இரண்டு சிறியவை வைத்தால் ஒன்று நிற்கும்போது ஆலை நிற்காது. முதலீடு சற்றுக் கூடும். மேலே போட்ட வட்டிக் கணக்கைப் பார்த்தவர் அந்தக் கூடுதல் செலவுக்குத் தயங்கமாட்டார்.

அடுத்த சிக்கல் நாள்காட்டி. ஆலைக்கு ஆண்டு முழுக்கத் தீனி வேண்டும். வயல் ஆண்டுக்கு ஒருமுறைதான் கொடுக்கும். பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடையே கிடைப்பது மூன்று வாரம் போல. அந்த மூன்று வாரத்தில் 2 லட்சம் டன்னை வாரி, கட்டி, ஏற்றி, அடுக்க வேண்டும். அரை டன் கட்டாகக் கணக்கிட்டால் 4 லட்சம் கட்டுகள். மீதி பதினோரு மாதம் அவற்றை மழைக்கும் தீக்கும் தப்பவைக்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை தொடங்கிச் சூடேறும் என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் தெரிந்த சங்கதி. சூடு முற்றினால் தானே தீப்பிடிக்கும். பிடிக்காவிட்டாலும், எத்தனாலாக வேண்டிய சர்க்கரையை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். பார்க்க கட்டு அப்படியே இருக்கும்.

ஆலையைப் பெரிதாகக் கட்டினால் லிட்டருக்கு முதலீடு குறையும் என்பது வேதித்தொழிலின் பாலபாடம். ஆனால் ஆலை பெருக்கப் பெருக்க வைக்கோல் வரும் தூரமும் கூடும். லாரி நிறைய ஏற்றினாலும் பாதி காற்றுதான். டூபாண்ட் 48 கிலோமீட்டர் ஆரத்துக்குள் சுமார் 500 விவசாயிகளிடம் கொள்முதல் செய்யத் திட்டமிட்டிருந்தது. அத்தனை பேரிடமும் ஒப்பந்தம் போட்டு, அறுவடை முடிந்த கையோடு இயந்திரங்களை அனுப்புவது ஒரு தனி நிறுவனம் நடத்துகிற வேலை.

உள்ளே தப்பிப் பிழைத்துப் போன வைக்கோலுக்கு இன்னொரு குணம் உண்டு: தண்ணீரைக் குடிக்கும். நூறு பங்கில் 20 பங்கு வைக்கோல், 80 பங்கு தண்ணீர் என்று கலந்தால் கூழாக இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் வெந்நீர் தெளித்துப் பிசிறிய புட்டு மாவு போல் உதிரியாக நிற்கும். அதைக் கலக்க முடியாது, குழாயில் தள்ள முடியாது. நொதி உடைக்க உடைக்கத்தான் இளகும். அதனால் இதற்கு மேல் கெட்டியாகப் போடவும் வழியில்லை. விளைவு, நொதித்த கலவையில் எத்தனால் 5 சதவீதம் போலத்தான் தேறுகிறது. மக்காச்சோள எத்தனால் ஆலையில் இது 12 சதவீதத்துக்கும் மேல். மீதி 95 பங்கும் தண்ணீர், சக்கை. அதைச் சூடாக்கித்தான் எத்தனாலை வடிக்க வேண்டும். செறிவு 4 சதவீதத்துக்குக் கீழே போனால் நீராவிச் செலவு செங்குத்தாக ஏறும். எனவே திறமையான ஆலைகள் வைக்கோலை ஒரேயடியாகக் கொட்டாமல், முன்னது இளக இளகப் பின்னதைச் சேர்க்கின்றன. வடிகலனில் ஆவியாகும் எத்தனாலின் வெப்பத்தைக் கொண்டே அடுத்த கலனைக் கொதிக்கவைக்கின்றன. இவை எதுவும் புதிதில்லை, சர்க்கரை ஆலைக்காரர்கள் நூறு ஆண்டுகளாகச் செய்வதுதான்.

இப்போது மீதிச் சக்கைக்கு வருவோம். ஒரு டன் வைக்கோலில் சுமார் 14 கிகாஜூல் ஆற்றல் இருக்கிறது. 150 லிட்டர் எத்தனாலில் இருப்பது 3.2 கிகாஜூல். கால்பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி லிக்னின் கலந்த சக்கையில் தங்கிவிடுகிறது. அதைக் கொதிகலனில் எரித்து நீராவியும் மின்சாரமும் எடுப்பதே வழக்கம். வைக்கோல் சாம்பலில் உள்ள பொட்டாசியமும் குளோரினும் உருகிக் கொதிகலன் குழாய்களில் பிசுபிசுவென்று ஒட்டும் என்பதால் அதுவும் சுலபமில்லை.

லிக்னினை எரிக்காமல் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நார்வேயின் சார்ப்ஸ்போர்க் ஊரில் போரகார்ட் நிறுவனம் ஸ்புரூஸ் மரத்திலிருந்து 1938 முதல் எத்தனால் எடுக்கிறது. மேலே சொன்ன ஆலைகள் எல்லாம் பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பிருந்து. அதன் சூத்திரம் எளிது: எத்தனால் அங்கே பக்கப்பொருள். மரத்தின் செல்லுலோஸ் உயர்ரக நாராக விலை போகிறது. லிக்னின், கான்கிரீட்டை இளகவைக்கும் சேர்மானமாகவும் கால்நடைத் தீவன வில்லைகளை ஒட்டவைக்கும் பசையாகவும் போகிறது. இன்னொரு பகுதி வெனிலின் ஆகிறது. ஐஸ்கிரீமில் வெனிலா வாசனை தரும் அதே பொருள். எல்லாம் போக மிஞ்சும் சர்க்கரைக் கரைசலில்தான் எத்தனால். எரிபொருளை மட்டும் விற்று வாழ நினைக்கும் ஆலை கச்சா எண்ணெயோடு நேருக்கு நேர் மோதவேண்டும். பத்துப் பொருள் விற்கும் ஆலைக்கு அந்தக் கவலை பத்தில் ஒரு பங்கு. அசாமின் நுமலிகரில் மூங்கிலை வைத்து 2025இல் தொடங்கிய ஆலை எத்தனாலோடு ஃபர்ஃபுராலும் அசிட்டிக் அமிலமும் விற்கும் திட்டத்தோடு வந்திருப்பது இந்தப் பாடத்தைப் படித்ததன் அடையாளம்.

இன்னொரு வழி, வைக்கோலைத் தேடிப் போகாமல், அது தானே வந்து குவியும் இடத்தில் ஆலை கட்டுவது. பிரேசிலின் பிரசிகாபாவில் ரைசன் நிறுவனம் கோஸ்டா பின்டோ சர்க்கரை ஆலையின் வளாகத்திலேயே கரும்புச் சக்கை எத்தனால் ஆலையை வைத்தது. சக்கை ஏற்கெனவே நசுக்கி, அலசி, ஒரே சீராக வருகிறது. லாரிச் செலவும் கயிறும் இல்லை. நீராவி, வடிகலன், தொட்டி எல்லாம் பக்கத்து ஆலையோடு பங்கு. அந்த ஆலையும் பல ஆண்டுகள் திணறித்தான் நிமிர்ந்தது. ஆனாலும் அதே நிறுவனம் 2024இல் குவாரிபாவில் இரட்டிப்புப் பெரிய இரண்டாவது ஆலையைத் திறந்தது. தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் பல இன்று சக்கையை எரித்து மின்சாரம் விற்கின்றன. அவற்றுக்கு இந்த வழி யோசிக்கத்தக்கது. ஆனால் முதலில் ஆலையில் அரைக்கக் கரும்பு இருக்கவேண்டும் என்பது வேறு கவலை.

எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் டூபாண்ட் ஆலையின் பிற்காலக் கதை. அதை 2018இல் வாங்கிய ஜெர்மனியின் வெர்பியோ நிறுவனம் மக்காச்சோளத் தட்டையிலிருந்து எத்தனால் எடுக்கும் முயற்சியைக் கைவிட்டு, சாணஎரிவாயுக் கலன் தத்துவத்துக்குத் திரும்பியது. காற்றில்லாத பெரிய தொட்டிகளில் தட்டையை ஊறவிட்டால் பாக்டீரியாக் கூட்டம் வாரக்கணக்கில் அதைத் தின்று மீத்தேன் தரும். விலையுயர்ந்த நொதி வேண்டாம். மரபணு மாற்றிய ஈஸ்ட் வேண்டாம். ஐந்து கார்பன் சர்க்கரையா ஆறு கார்பன் சர்க்கரையா என்று அவை பார்ப்பதில்லை. வடிக்கவும் வேண்டாம், வாயு தானாக மேலே வந்துவிடும். லிக்னின் கரையாமல் எருவாக வயலுக்கே திரும்புகிறது.

இதே வெர்பியோ பஞ்சாபின் லெஹ்ராகாகாவில் 2022 அக்டோபரில் ஓர் ஆலையைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 10,000 கன மீட்டர் கொண்ட எட்டுத் தொட்டிகள். நாளுக்கு 300 டன் நெல் வைக்கோலிலிருந்து 33 டன் அழுத்தப்பட்ட உயிரிவாயு என்பது வடிவமைப்பு. கணக்குப் போட்டால் டன்னுக்கு 110 கிலோ வாயு, சுமார் 5 கிகாஜூல். எத்தனால் வழியில் கிடைத்த 3.2ஐவிட ஒன்றரை மடங்கு. நவீன நொதியையும் மரபணுப் பொறியியலையும் சாணத்தில் வாழும் பாக்டீரியா ஆற்றல் கணக்கில் முந்துகிறது. எத்தனால் திரவம் என்பதால் பெட்ரோலில் கலக்கச் சுலபம், அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கிறது. ஆனால் வயலிலேயே எரிக்கப்படும் வைக்கோலுக்குப் பயன் தேடுவதுதான் நோக்கம் என்றால் தொட்டி வழியே என் ஓட்டு.

மூலப்பொருளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. திட்ட அறிக்கைகள் இதை ‘கழிவு’ என்று எழுதுகின்றன. காவிரிப் படுகையில் வைக்கோல் கழிவு இல்லை, மாட்டுத் தீவனம். வறட்சி ஆண்டில் அதன் விலை ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சீமைக்கருவேல விறகை நம்பித் தமிழ்நாட்டில் கட்டிய மின் நிலையங்களும் இதைக் கண்டன: யாரும் சீந்தாமல் கிடந்த முள்மரத்துக்கு, ஆலை வந்து கொள்முதல் தொடங்கியதும் விலை ஏறிக்கொண்டே போனது. விவசாயிக்கு அது நியாயமான வரவு. ஆனால் மூலப்பொருள் பத்து ஆண்டும் ஒரே விலையில் கிடைக்கும் என்று எழுதிய திட்டம் தொடக்கத்திலேயே பொய்க்கணக்கு.

2019இல் மத்திய அரசு கொண்டுவந்த ஜீவன் திட்டம், இத்தகைய வணிக ஆலை ஒவ்வொன்றுக்கும் 150 கோடி ரூபாய் வரை மானியம் தரலாம் என்கிறது. கட்டுவதற்குத் தரும் பணம் அது. அயோவா முதல் ருமேனியா வரை கட்டுவதில் யாரும் தோற்கவில்லை. கட்டியதை ஓட்டுவதில்தான் தோற்றார்கள். மானியத்தின் ஒரு பங்கையாவது ஆலை உண்மையில் எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் ஒவ்வொரு கிலோ வாயுவுக்கும் என்று மாற்றிக் கொடுக்கவேண்டும். பொதுப்பணத்தில் நிற்கும் ஒவ்வோர் ஆலையும் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை டன் தின்றது, எவ்வளவு எரிபொருள் தந்தது என்ற மூன்று எண்களை வெளியிடவேண்டும். உங்கள் பகுதிக்கு இப்படியொரு ஆலை வருவதாகச் செய்தி வந்தால், அதன் கொள்திறனைப் பற்றிய அறிவிப்போடு நின்றுவிடாமல் இந்த மூன்று எண்களையும் ஆண்டுதோறும் கேளுங்கள்.